குடிக்காதவருக்கும் கல்லீரல் கெடுமா?

(நமது கொல்கத்தா கிளையின் உறுப்பினர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற மருத்துவ அன்பர் ஒருவர் ஆற்றிய உரை. பிற ஊர் உறுப்பினர்களின் பொருட்டு இங்கே வெளியிடப்படுகிறது.)



கிளைச் செயலாளர் டெலிபோனில் கூப்பிட்டு, "டாக்டர் மாமா, உடம்பைப் பத்தி ஏதாவது பேசுங்கோ. முட்டிவலி மட்டும் வேண்டாம், போன தடவை ஆயாச்சு" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், நான் பேச நினைத்த விஷயம் டிபனுக்கு முன்னால் பேசத் தக்கதா என்று. மலச்சிக்கலைப் பற்றியும், குடலில் குடியிருக்கும் கிருமிகளைப் பற்றியும், அவை கல்லீரலை என்ன செய்கின்றன என்பதைப் பற்றியும் சொல்லப்போகிறேன். உள்ளே கேசரி கிளறும் வாசனை வருகிறது. கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்திருப்பவர்கள் தயவுசெய்து கை தூக்குங்கள். பார்த்தீர்களா, முன் வரிசையிலேயே பாதிப் பேர். உங்களில் யார் மது அருந்துகிறவர் என்று நான் கேட்கப்போவதில்லை, பக்கத்தில் மாமிகள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோர் தொட்டதே இல்லை என்று எனக்குத் தெரியும். 'குடியில்லை, மாமிசமில்லை, எனக்கு எதற்கு லிவர் வியாதி வரப்போகிறது' என்று நம் மனுஷர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. அந்த தைரியம் எனக்கும் இருந்தது. நாற்பது வருஷம் ஜெனரல் பிராக்டீஸ் பண்ணினவன் நான். அந்த தைரியத்தால் என் சொந்த அக்கா குடும்பத்தில் நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அத்திம்பேர் ஜாம்ஷெட்பூரில் வேலை பார்த்து அங்கேயே வீடு கட்டிக்கொண்டு இருந்துவிட்டவர். ஒல்லியான தேகம். வயிறு மட்டும் கொஞ்சம் முன்னே தள்ளியிருக்கும். சிகரெட் இல்லை, மது இல்லை, வெளியில் ஒரு வாய்க் காபிகூட யோசித்துத்தான் குடிப்பார். இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. கணக்கில் புலி. அக்காவின் மளிகைக் கணக்கில் எட்டணா பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

2016 ஜனவரியில் ஒரு நாள் அக்கா போன் பண்ணினாள். "டேய், உன் அத்திம்பேர் என்னமோ மாதிரி இருக்கார்டா. பகலெல்லாம் தூங்கறார். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஆபீசுக்கு நாழியாச்சுங்கறார். நேத்திக்குக் காபியில உப்பைப் போட்டுண்டார்." அப்போது அத்திம்பேருக்கு வயது 71. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசாச்சு அக்கா, மறதி வியாதியோட ஆரம்பமா இருக்கும்" என்றேன். அங்கேயே ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டச் சொன்னேன். மூளை ஸ்கேன் எடுத்தார்கள். 'வயதுக்கேற்ற சுருக்கம்' என்று ரிப்போர்ட் வந்தது. எழுபது வயதைத் தாண்டிய யாருக்கு எடுத்தாலும் அப்படித்தான் வரும். ஞாபக சக்திக்கு ஒரு மாத்திரை, ராத்திரி தூங்க ஒரு மாத்திரை. தூக்க மாத்திரை போட்டதும் இன்னும் மோசமானார்.

அடுத்த மாதம் பாங்கிலிருந்து அவருடைய செக் திரும்பி வந்தது, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று. முப்பத்தைந்து வருஷமாக மாறாத கையெழுத்து கோழி கிளறினது போல ஆகியிருந்தது. அக்கா அந்த செக்கை எனக்குத் தபாலில் அனுப்பினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டும் எனக்குப் புரியவில்லை.

மார்ச்சில் ஒரு நாள் காலை அவரை எழுப்ப முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் இங்கிருந்து ரயில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கொஞ்சம் கண் திறந்திருந்தார், பேச்சு குழறியது. வார்டில் ஒரு பயிற்சி டாக்டர் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவது போலக் கைகளை நீட்டி மணிக்கட்டை உயர்த்திப் பிடிக்கச் சொன்னாள். அவர் கை நிற்கவில்லை. பட்சி சிறகடிப்பது போல விட்டு விட்டு விழுந்தது. ஒரு காகிதத்தில் நட்சத்திரம் போடச் சொன்னாள். நாலு கோடு போட்டார், ஒன்றோடொன்று சேரவில்லை. அப்புறம் அக்காவைப் பார்த்துக் கேட்டாள், "இவர் கடைசியாக எப்போது வெளிக்குப் போனார்?"

அக்கா தயங்கித் தயங்கி, "அஞ்சு நாள் ஆச்சு" என்றாள்.

இந்த ஒரு கேள்வியை நான் இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அத்திம்பேரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம் ஒரு பக்கம். மூளைக்கும் மலத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற அலட்சியம் இன்னொரு பக்கம். அன்று ராத்திரி ஸ்கேனில் சிரோஸிஸ் என்று தெரிந்தது. கல்லீரல் தழும்பேறிச் சுருங்கியிருந்தது.

அந்தப் பெண் கண்டுபிடித்ததன் சூட்சுமத்தைச் சொல்கிறேன். நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. மனித உடம்பின் அணுக்களைப் போலப் பத்து மடங்கு என்று முன்பெல்லாம் சொல்வார்கள். 2016ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, சுமார் 38 லட்சம் கோடி, ஏறக்குறைய நம் அணுக்களின் எண்ணிக்கைதான், எடை 200 கிராம் என்றார்கள். இவை சும்மா இருப்பதில்லை. நாம் ஜீரணிக்காமல் விட்டதைத் தின்று எதையாவது தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. சில பாக்டீரியாக்கள் புரதத்தையும் யூரியாவையும் உடைத்து அமோனியா உண்டாக்கும். குடலிலிருந்து திரும்பும் ரத்தம் நேரே இருதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் வெயின் என்ற பெரிய ரத்தக்குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்கு வருகிறது. நிமிஷத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரலுக்கு வருகிறது என்றால், அதில் முக்கால் பங்கு குடலைச் சுற்றிவிட்டு வருவது. குடலில் என்ன இருக்கிறதோ அதை முதலில் ருசி பார்ப்பது கல்லீரல். அமோனியாவை யூரியாவாக மாற்றி மூத்திரத்தில் அனுப்புவதும் அதன் வேலை.

கல்லீரல் தழும்பேறிவிட்டால் இந்த வேலை நடக்காது. ரத்தமும் உள்ளே நுழைய வழியில்லாமல் குறுக்கு வழியில் சுற்றிப் போய்விடும். அமோனியா மூளைக்கு ஏறும். 1893லேயே ரஷ்யாவில் பாவ்லோவும் சகாக்களும் இதைப் பார்த்துவிட்டார்கள். மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டினாரே, அதே பாவ்லோவ்தான். குடல் ரத்தம் கல்லீரலைத் தொடாமல் போகும்படி நாய்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். மாமிசம் கொடுத்தவுடன் அந்த நாய்கள் வெறி பிடித்தது போலத் தள்ளாடின. நம் அத்திம்பேர் மாமிசம் தின்றதில்லை. ஆனால் அஞ்சு நாள் மலம் தங்கினால் பாக்டீரியாக்களுக்கு அஞ்சு நாள் விருந்துதானே?

கொடுத்த மருந்து லாக்டுலோஸ் சிரப். மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் கொடுக்கிறார்களே, அந்த இனிப்பு மருந்தேதான். பால் சர்க்கரையிலிருந்து செய்வது. மனிதக் குடலால் அதை ஜீரணிக்க முடியாது. அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்கும். அமிலச் சூழலில் அமோனியா ரத்தத்துக்குள் ஏற முடியாத வடிவத்துக்கு மாறி மலத்தோடு வெளியேறிவிடும். 1966ல் பிர்ச்சர் என்ற டாக்டரும் சகாக்களும் இந்த வியாதிக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அன்று முதல் இன்று வரை முதல் மருந்து அதுதான். கெடுத்த பாக்டீரியாவைக் கொண்டே குணப்படுத்துவது. நாற்பது வருஷ பிராக்டீஸில் எத்தனையோ பேருக்கு அதை மலச்சிக்கலுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். அன்றுதான் அதன் மகிமை தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை அத்திம்பேர் என்னைப் பார்த்து, "ஏண்டாப்பா, நீ எப்போ வந்தே? பேப்பர் வந்துடுத்தா?" என்றார். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். ஞாபக மாத்திரையும் தூக்க மாத்திரையும் அன்றோடு நின்றன.

ஆனால் இன்னொரு துக்கம் காத்திருந்தது. சிரோஸிஸ் என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள், நேரே கேட்காமல் சுற்றி வளைத்து. படிவத்தில் 'மது: இல்லை' என்று எழுதியிருந்தும் நர்ஸ் மூன்று தடவை கேட்டாள். ஒரு நெருங்கிய உறவினர் என்னைத் தனியே அழைத்து, "வயசில கிளப்புக்கெல்லாம் போவாரோ?" என்றார். அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாய் பேசாமல் இருந்தாள். ஐம்பது வருஷம் ஆசாரமாக இருந்த மனிதருக்கு எழுபத்தொரு வயதில் இந்தப் பெயர். நான் இன்று இங்கே நின்று பேசுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அவருக்கு எப்படி வந்தது? சர்க்கரை வியாதி, தொந்தி, உட்கார்ந்த உத்தியோகம். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, வீங்கி, இருபது முப்பது வருஷத்தில் தழும்பாகிவிட்டது. குண்டாக இருந்தால்தான் ஃபேட்டி லிவர் வரும் என்று நினைக்காதீர்கள். நம் கொல்கத்தாவுக்கு அருகே பீர்பூம் மாவட்டத்துக் கிராமங்களில் 1,911 பேரைப் பரிசோதித்து 2010ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழைப்பட்ட, உழைக்கிற ஜனங்கள். அவர்களிலேயே 8.7 சதவிகிதம் பேருக்கு ஃபேட்டி லிவர். அதிலும் முக்கால்வாசிப் பேர் குண்டானவர்கள் இல்லை. நம் தேசத்து உடம்பின் சுபாவம் அப்படி. கை கால் மெலிந்திருக்கும், கொழுப்பு உள்ளுக்குள் சேரும்.

இதில் குடல் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டா? உண்டு என்றுதான் கடந்த இருபது வருஷமாகத் தெரிந்துவருகிறது. 2004ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்டன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் உடம்புக் கொழுப்பு 60 சதவிகிதம் கூடிவிட்டது, அதுவும் முன்னைவிடக் குறைவாகச் சாப்பிட்டு. கேட்டீர்களா மாமி, "காத்தைக் குடிச்சாலே பருக்கறேன்" என்று நீங்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது!

நம் குடலின் உட்சுவர் ஒரே ஒரு அணு அளவு தடிமன்தான். அதன் மேல் வழவழப்பான ஒரு பூச்சு. நார்ச்சத்து போதுமான அளவு வந்தால் நல்ல பாக்டீரியாக்கள் அதைத் தின்று பியூட்டிரேட் போன்ற அமிலங்களைக் கொடுக்கும். சுவரின் அணுக்களுக்கு அதுதான் ஆகாரம். நார் வராவிட்டால் சில பாக்டீரியாக்கள் அந்தப் பூச்சையே தின்ன ஆரம்பித்துவிடும். சுவர் தளர்ந்தால் பாக்டீரியாக்களின் உடைந்த துண்டுகளும் விஷங்களும் கசிந்து போர்ட்டல் ரத்தத்தில் கல்லீரலுக்குப் போகும. அங்கே கூஃபர் அணுக்கள் என்ற காவல்காரர்கள் உண்டு. தினம் கொஞ்சம் வந்தால் பிடித்து விழுங்கிவிடுவார்கள். ஓயாமல் வந்தால் அவர்கள் போடும் சண்டையிலேயே கல்லீரல் வெந்து, தழும்பாகும். ஏற்கெனவே கொழுப்பு சேர்ந்த கல்லீரல் என்றால் இன்னும் சீக்கிரம்.

2019ல் பெய்ஜிங்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஓர் ஆசாமிக்குக் கல்லீரல் மோசமாகக் கெட்டிருந்தது. மது தொடாமலே, இனிப்பு சாப்பிட்டால் ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டிருந்தது. பார்த்தால் அவர் குடலில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, சாப்பிட்ட சர்க்கரையை அங்கேயே சாராயமாகக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அந்த பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் ஃபேட்டி லிவர் வந்தது. அந்த மருத்துவர்கள் பார்த்த ஃபேட்டி லிவர் நோயாளிகளில் 60 சதவிகிதம் பேரிடம் இப்படிச் சாராயம் காய்ச்சும் வகை இருந்ததாம். அது சீன தேசத்துக் கணக்கு, நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆசாரமான மனிதரின் வயிற்றுக்குள்ளேயே சாராயக்கடை இருக்கக்கூடும் என்றால், அத்திம்பேரைப் பற்றிக் கிசுகிசுத்தவர்களிடம் அப்போதே இதைச் சொல்ல முடியாமல் போயிற்றே என்று இருக்கிறது.

எல்லாவற்றையும் பாக்டீரியாவின் தலையில் போட்டுவிட முடியாது. சர்க்கரை வியாதியும் தொந்தியும் பெரிய காரணங்கள். எது முதலில், எது பின்னால் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. அதனால்தான், மலத்தை டப்பாவில் அனுப்பினால் உங்கள் பாக்டீரியா ஜாதகம் கணித்துத் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள் என்கிறேன். அந்த ஜாதகத்தைப் படித்துப் பரிகாரம் சொல்லும் அளவுக்கு விஞ்ஞானம் இன்னும் வளரவில்லை. தில்லியில் உள்ள கல்லீரல் ஆய்வு நிறுவனத்தில் ஆரோக்கியமானவர் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாவைக் குழாய் வழியே குடலுக்குள் செலுத்தி, குடியால் கல்லீரல் மோசமாகக் கெட்ட 8 பேருக்குச் சிகிச்சை செய்து 2017ல் எழுதினார்கள். முகம் சுளிக்காதீர்கள், பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் அது பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் செய்து பார்க்க வேண்டிய காரியம்.

நம் கையில் இருப்பவை வேறு. முதலாவது மாத்திரை டப்பா. நம்மில் பலர் காலையில் பல் தேய்த்ததும் 'கேஸ் மாத்திரை' ஒன்று போட்டுக்கொள்கிறோம். பேண்டோப்ரசோல், ஒமெப்ரசோல் என்று பல பெயர்கள். எதற்கோ பதினைந்து நாளுக்கு எழுதிக்கொடுத்தது பதினைந்து வருஷம் ஓடிக்கொண்டிருக்கும். இரைப்பையின் அமிலம் ஒரு வாசற்காவல். அதை அணைத்துவிட்டால் வாயில் இருக்க வேண்டிய கிருமியெல்லாம் குடலுக்கு இறங்கிக் குடித்தனம் பண்ணும். சிரோஸிஸ் உள்ளவர்களில் இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு வயிற்று நீரில் கிருமி தாக்குவதும் மனக்குழப்பம் வருவதும் அதிகம் என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அத்திம்பேர் ஒன்பது வருஷம் போட்டார். முதலில் எழுதிக்கொடுத்தது அடியேன்தான். தானாக நிறுத்திவிடாதீர்கள். இருதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு அது அவசியமாக இருக்கலாம். 'எனக்கு இது இன்னும் வேண்டுமா' என்று டாக்டரைக் கேளுங்கள். அதுபோல, இரண்டு தடவை வயிற்றுப்போக்கு ஆனால் உடனே கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடும் பழக்கத்தையும் விடுங்கள். நல்லதும் கெட்டதும் சேர்ந்தே சாகும்.

அடுத்தது தட்டு. நாம் சைவம் என்பதாலேயே நார்ச்சத்து சாப்பிடுகிறோம் என்று அர்த்தமில்லை. நேற்று ராத்திரி உங்கள் ஆத்தில் என்ன தளிகை? வெள்ளைச் சாதம், உருளைக்கிழங்கு ரோஸ்ட், அப்பளம், ரசம், தயிர். கொல்கத்தாவில் இருப்பதால் மேலே ஒரு மிஷ்டி தோய். இதில் பாக்டீரியாவுக்கு என்ன மிச்சம்? நம் பாட்டிகள் சமையலில் வாழைத்தண்டு, வாழைப்பூ, கொத்தவரங்காய்ப் பருப்புசிலி, கீரை மசியல், அவரைக்காய், முழுப்பயறு சுண்டல் எல்லாம் தினம் ஒன்றாக வரும். நறுக்க நாழியாகிறது என்று விட்டுவிட்டோம். நறுக்கும் வேலையை மாமாக்கள் எடுத்துக்கொள்ளலாம், ரிட்டயர் ஆனவர்களுக்கு வேறென்ன வேலை?

பழைய சாதத்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். சாதம் ஆறிக் குளிர்ந்தால் அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி ஜீரணமாகாத வகையாக மாறும். அது லாக்டுலோஸ் போலவே பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவுக்கு ஆகாரமாகும். 2000த்தில் வேலூர் சி.எம்.சி.யில் இப்படி ஜீரணமாகாத மாவை உப்புச் சர்க்கரைக் கரைசலில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தபோது பேதி சீக்கிரம் அடங்கியது. 2023ல் சீனாவில் ஃபேட்டி லிவர் உள்ள 200 பேரை எடுத்து, ஒரு பாதிப் பேருக்குத் தினம் 40 கிராம் அப்படிப்பட்ட மாவு நாலு மாதம் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு குறைந்தது. ஆனால் அது தனியாகத் தயாரித்த மாவு. பழைய சாதத்தில் அவ்வளவு இருக்காது. சர்க்கரைக்காரர்கள் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு இரண்டு கிண்ணம் சாப்பிட வேண்டாம்.

ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். காபி குடிக்கிறவர்களுக்குச் சிரோஸிஸ் வருவது குறைவு என்று பல தேசங்களில் பார்த்திருக்கிறார்கள். இங்கே கை தட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன்! சர்க்கரை போடாமல்.

சிரோஸிஸ் வந்தவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. புரதத்தைக் குறைக்கக் கூடாது. நான் படித்த காலத்தில் குறைக்கச் சொல்லித் தந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நான் அக்காவிடம் பருப்பை நிறுத்தச் சொன்னேன். அது என் இரண்டாவது தப்பு. தசை கரைந்தால் அமோனியா இன்னும் ஏறும். பருப்பும் பாலும் தயிரும் தாராளமாகச் சாப்பிடச் சொல்லி, பிறகு பார்த்த கல்லீரல் டாக்டர் என்னைத் திருத்தினார். உபவாசமும் கூடாது. கெட்ட கல்லீரலால் ராத்திரிக்கு வேண்டிய சக்தியைச் சேமித்து வைக்க முடியாது. படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும். ஐம்பது வருஷம் விடாமல் செய்த ஏகாதசி உபவாசத்தை அத்திம்பேர் விட ஒப்பவில்லை. மூன்று மாதம் அவரோடு வாதாடினேன். கடைசியில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு டம்ளர் கஞ்சிக்கு உடன்பட்டார். அதற்குக் 'கஷாயம்' என்று பெயர் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ரத்தப் பரிசோதனை ஃபைலில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்று இரண்டு கல்லீரல் எண்ணும், பிளேட்லெட் எண்ணிக்கையும் இருக்கும். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எழுதி, ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். ஃபிப்-4 என்று பெயர். 1.3க்குக் கீழே இருந்தால் கவலை குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2 வரை பொறுக்கலாம். 2.67ஐத் தாண்டினால் கல்லீரல் டாக்டரைப் பார்த்து ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும். அத்திம்பேரின் பழைய ஃபைலைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். பிளேட்லெட் 2011ல் 1,60,000. 2014ல் 1,20,000. 2016ல் 95,000. ஏ.எஸ்.டி. 58, ஏ.எல்.டி. 42. 71 வயதுக்குக் கணக்குப் போட்டால் 6.7 வருகிறது. ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. பெரிதாக ஏறவில்லையே என்று வருஷா வருஷம் டிக் அடித்துக் கொடுத்தது நான்தான்.

அமெரிக்காவில் மறதி வியாதி என்று முத்திரை குத்தப்பட்ட 1,77,000க்கும் அதிகமான முன்னாள் ராணுவத்தினரின் ஃபைல்களில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்து 2024ல் வெளியிட்டார்கள். சிரோஸிஸ் என்று யாரும் சொல்லியிராத அவர்களில் 10 சதவிகிதம் பேருக்கு 2.67க்கு மேல் இருந்தது. எல்லோருக்கும் சிரோஸிஸ் என்று அர்த்தமில்லை, வயது கூடினால் இந்த எண்ணும் கூடும். பெரியவர்களின் மறதி பெரும்பாலும் மறதி வியாதிதான், லாக்டுலோஸால் போகாது. ஆனால் உங்கள் ஆத்தில் யாருக்காவது ராத்திரி பகல் மாறினால், கையெழுத்து கோணினால், இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை என்றும் கேட்டுவிடுங்கள்.

அத்திம்பேர் 2020 பிப்ரவரி வரை இருந்தார். லாக்டுலோஸ் மருந்தில் அளவு முக்கியம். தினம் இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போக வேண்டும். குறைந்தால் குழப்பம் வரும். அஞ்சு ஆறு தடவை ஆனால் உடம்பில் நீர் வற்றி மறுபடியும் குழப்பம் வரும். அக்கா பாங்கில் கொடுத்த டயரியில் எழுதிவைத்தாள், தேதி, எத்தனை மில்லி, எத்தனை தடவை. விருந்தாளி வந்தால் டயரியைப் பீரோவில் ஒளித்துவிடுவாள். முதல் வருஷம் அவள் கையெழுத்து. அதற்கப்புறம் அவரே வாங்கி எழுத ஆரம்பித்துவிட்டார். மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு, சராசரி கண்டுபிடித்து, கீழே கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். பழைய கையெழுத்து, பாங்கில் ஒத்துக்கொண்ட கையெழுத்து. அந்த டயரிகளை அக்கா என்னிடம் கொடுத்திருக்கிறாள். ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். டிபன் ஆனதும், பார்க்க விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம்.